ஈரோட்டில் 10,000 சதுர அடி பழைய காம்ப்ளக்ஸ்: இடிக்க நாம காசு தரணுமா, அவங்க தரணுமா?

மஞ்சள்மண்டி

எல்லாருக்கும் வணக்கம். ஈரோடு மணிக்கூண்டு பக்கம் எங்க அப்பா 1988-ல் கட்டின காம்ப்ளக்ஸ் ஒண்ணு இருக்கு. 40-க்கு 75 அடி. கீழே கடைங்க, மேலே ரெண்டு மாடி. பின்பக்கம் ஆயிரம் சதுர அடிக்கு ஒரு அண்டர்கிரவுண்ட் குடோன், ஜவுளி பேல் அடுக்கறதுக்காக அப்போ தோண்டினது. எல்லாம் சேர்த்து 10,000 சதுர அடி. மூணு வருஷமா மேல் மாடியில சீலிங் பொரிஞ்சு விழுது, கம்பி வெளியே தெரியுது. பார்த்த இன்ஜினியர் ரிப்பேர் செலவுக்கு இடிக்கிறதே மேல்னு சொல்லிட்டார். கடைக்காரங்க எல்லாரும் காலி பண்ணிட்டாங்க (அது தனிக் கதை, இன்னொரு நாள் அழறேன்).

மூணு பேரைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். முதல் ஆள் மாடிக்கே ஏறலை. வாசல்ல நின்னு அண்ணாந்து பார்த்துட்டு, "நாங்களே இடிச்சு எடுத்துக்கறோம், உங்களுக்கு 2 லட்சம் தர்றோம்"னார். ரெண்டாவது ஆள் ஒரு மணி நேரம் சுத்திப் பார்த்துட்டு, நாங்க அவருக்கு 4 லட்சம் தரணும்னார். மூணாவது ஒரு கம்பெனி. சதுர அடிக்கு 65 ரூபாய், அதாவது 6.5 லட்சம், ஜிஎஸ்டி தனி.

ஒரே கட்டிடம். ஒருத்தர் கையில காசோட நிக்கிறார், ரெண்டு பேர் கை நீட்டுறாங்க. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் 8.5 லட்சம் வித்தியாசம். அப்பா "தர்றவனை விட்டுட்டுக் கேக்கறவனுக்குக் குடுக்கச் சொல்ற புத்தி உனக்கு எங்கிருந்து வந்துச்சு"ன்னு திட்றார். உண்மையில இதுக்கு எப்படித்தான் கணக்குப் போடறாங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஒத்தையடிப்பாதை

இதுல யோசிக்க என்ன இருக்கு, தர்றவருக்கே குடுங்க. எங்க மாமா கும்பகோணத்துல பழைய வீட்டை இடிக்கக் குடுத்தார், 1 லட்சத்துக்கு மேல கையில கிடைச்சது. பத்து நாள்ல மனை சுத்தம்.

சம்மட்டி

அம்மிணி, வணக்கமுங்க. நான் 31 வருஷமா இந்தத் தொழில்லதானுங்க இருக்கறேன். எங்கய்யன் காலத்துல சம்மட்டியும் கடப்பாரையும். இப்ப ஹிட்டாச்சி மெஷின். மத்தபடி கணக்கு அதே கணக்குதான்.

கும்பகோணத்து மாமா வீட்டை முதல்ல ஓரமா வெச்சுருவோமுங்க. அது சுண்ணாம்புக் காரையில கட்டின வீடா இருக்கோணும். அந்தச் செங்கல்லை ஒரு தட்டுத் தட்டினா முழுசாக் கழண்டு வரும், மறுபடி விக்கலாம். தேக்கு நிலை, ஜன்னல், உத்தரம் எல்லாம் பணம். இடிக்கறவன் காசு குடுத்து எடுத்துட்டுப் போறது அதுக்குத்தான். உங்களுது 1988. சிமெண்ட் கலவை. தட்டினா செங்கல் உடையும், கலவை உடையாது. கல்லுக்கு ஒரு பைசா வரவு வைக்காதீங்க. உங்க கட்டிடத்துல பணம்னா கம்பி, அதுக்கப்புறம் ஷட்டர். அவ்வளவுதானுங்க.

எங்க தொழில்ல விலைங்கறது கழித்தல் கணக்கு. இடிச்சு, அள்ளி, மனையைச் சுத்தமாக் குடுக்க ஆகற செலவு ஒரு பக்கம். கட்டிடத்துக்குள்ள இருந்து கிடைக்கற பொருள் மறுபக்கம். ரெண்டுக்கும் நடுவுல வர்ற மிச்சத்தைத்தான் உங்ககிட்டச் சொல்லுவோம். அது எந்தப் பக்கம் சாயுதோ அதைப் பொறுத்து நாங்க குடுப்போம், இல்லீன்னா கேப்போம். நீங்க மூணு பேர்கிட்டயும் மிச்சத்தை மட்டும் கேட்டிருக்கறீங்க. ரெண்டு பக்கத்தையும் தனித்தனியா எழுதித் தரச் சொல்லியிருந்தா இந்தக் குழப்பமே இல்லீங்க.

நீங்க சொன்ன அளவை வெச்சு நானே போட்டுப் பார்த்தனுங்க. ராத்திரி தூக்கம் வரலை, அதனால விலாவாரியாவே சொல்றேன்.

முதல்ல எடை. தளம் 5 இஞ்சுன்னு வெச்சுக்குங்க. 10,000 சதுர அடிக்கு 4,167 கன அடி கான்கிரீட். பீமும் பில்லரும் ஒரு 2,500. சுத்துச்சுவர் 9 இஞ்சு, ஷட்டர் ஜன்னல் கழிச்சு 3,500. உள்தடுப்பு நாலரை இஞ்சு, 1,875. தரை, மொட்டை மாடிச் சுண்ணாம்பு ஜல்லி, தட்டோடு எல்லாம் சேர்த்து 2,500. அஸ்திவாரம் 1,500. கூட்டுனா சுமார் 16,000 கன அடி. கான்கிரீட்டு ஒரு கன மீட்டர் இரண்டரை டன், செங்கல் கட்டு கிட்டத்தட்ட ரெண்டு டன். அப்படிப் பார்த்தா உங்க காம்ப்ளக்ஸ் ஏறத்தாழ ஆயிரம் டன்னுங்க. சதுர அடிக்கு 100 கிலோன்னு ஞாபகம் வெச்சுக்குங்க, இந்த மாதிரிக் கட்டிடத்துக்கு பெருசாத் தப்பாது.

இனி லோடு. நம்ம பக்கம் 100 கன அடி ஒரு யூனிட். 160 யூனிட் கெட்டியாக் கிடக்கறது உடைச்சா ஒண்ணரை மடங்கு உப்பும், 240 யூனிட் ஆகும். நாலு யூனிட் டிப்பர்ல 60 லோடு. இதைச் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. "இந்தச் சின்னக் கட்டிடத்துக்கு 60 லாரியா?"ம்பாங்க. ஆரம்பிச்சு பத்தாவது நாள் நடுத்தெரு வரைக்கும் மலையாக் குமிஞ்சு கிடக்கறப்ப நம்புவாங்க.

கம்பி. 88-ல கட்டினதுன்னா முறுக்குக் கம்பியா இருக்கோணும். சதுர அடிக்கு 3 கிலோ போடறேன், மொத்தம் 30 டன். ஆனா 30-ம் கைக்கு வராதுங்க. அஸ்திவாரத்துல கொஞ்சம் சிக்கிக்கும், துருவுல கொஞ்சம் போயிருக்கும், கான்கிரீட் ஒட்டியிருக்கற கம்பிக்கு ஸ்கிராப் கடைக்காரர் எடையில கழிப்பார். 24 டன்னு வைங்க. போன வாரம் நான் போட்டது கிலோ 31 ரூபாய். ஆக 7,44,000. ஷட்டர் 12 இருக்கும்னு நினைக்கறேன், பழசு ஒண்ணு 4,500 மேனிக்கு 54,000. கிரில், நிலை, பைப்பு, வயரு எல்லாத்துக்கும் 80,000. வரவு மொத்தம் 8,78,000.

ஒண்ணு சொல்லிப்போடறேன். வாசல்ல நின்னு அண்ணாந்து பார்த்துக் கம்பிக்கு விலை சொல்ல யாராலயும் ஆகாதுங்க. நான் போனா ஒரு பீம்ல ஓரடி நீளத்துக்குக் கம்பியை மூடியிருக்கற கான்கிரீட்டைத் தட்டிவிட்டு, எத்தனை கம்பி, எத்தனை எம்எம்னு எண்ணுவேன். அப்புறம் ஒரு பில்லர்ல. அரை நாள் வேலை.

செலவுக்கு வர்றேன். உங்க தெருவுல மேல் மாடியை மெஷின்ல அடிக்க முடியாது, பக்கத்துக் கடைமேல விழும். அதனால மேல ஆள் வெச்சுத்தான். 14 பேர் 20 நாள், ஆளுக்கு 1,000 போட்டா 2,80,000. கீழ கான்கிரீட் உடைக்கற பிரேக்கர் மாட்டின ஹிட்டாச்சி 110 மணி நேரம், மணிக்கு 2,000, ஆக 2,20,000. அள்ளிப் போடற மெஷின் 60 மணி நேரம், 84,000. டிப்பர் 60 லோடு, லோடுக்கு 4,000, ஆக 2,40,000. கம்பியைக் கேஸ் வெச்சு வெட்டி, மடக்கிக் கட்ட 48,000. தகரத் தடுப்பு, பச்சை வலை, தண்ணி அடிக்க 60,000. குடோனுக்கு முட்டுக் குடுக்க 75,000. அனுமதி, ஆளுங்களுக்கு இன்சூரன்ஸ் 40,000. மேஸ்திரி, வாட்ச்மேன் 40,000. மொத்தம் 10,87,000. என் லாபமும், எதாவது ஒண்ணு ஏடாகூடமா ஆனா தாங்கறதுக்கும் 15 சதம் போட்டா 12.5 லட்சம். வரவு 8.78 போக நீங்க எனக்கு 3.72 லட்சம் தரோணும்.

இது எங்க பக்கத்து ரேட்டு, என் கைப் பழக்கம். உங்க ஊர்ல கூடக்குறைய இருக்கும். ரெண்டாவதா வந்தவர் 4 லட்சம்னு சொன்னது ஒரு மணி நேரம் சுத்திப் பார்த்துத்தான். அவர் கணக்குத் தெரிஞ்ச ஆளுங்க.

2 லட்சம் தர்றேன்னவர் கணக்கையும் பார்த்துருவோம். 8.78 வரவுல உங்களுக்கு 2 போக அவர் கையில 6.78. செலவு 10.87. நாலு லட்சம் நட்டத்துக்கு எவனும் சம்மட்டி தூக்க மாட்டான். அப்ப எதையோ செய்யாம விடப் போறார்னு அர்த்தம். டிப்பர், அள்ளற மெஷின், குடோன் முட்டு, வலை தகரம், இன்சூரன்ஸ் அனுமதி, இது அஞ்சையும் அடிச்சுப் பாருங்க. 4,99,000 குறையும். செலவு 5,88,000-ல வந்து நிக்கும். அவருக்கு 90,000 மிச்சம். கணக்கு கச்சிதமா உக்காருதுங்களா?

ஏற்காடு_பனி

சம்மட்டி அண்ணன் சொன்ன அந்த அஞ்சு ஐட்டமும் எனக்கு நடந்தது. சேலத்துல எங்க பழைய லாட்ஜ், நாலு வருஷம் முன்னாடி. ஒன்றரை லட்சம் ரொக்கமா மேசை மேல வச்சான். எனக்குக் கண்ணு பூத்துப்போச்சு. பன்னெண்டு நாள்ல தளம், பீம் எல்லாம் உடைச்சுக் கம்பியை உருவிட்டான். பதிமூணாவது நாள் போன் எடுக்கலை. இடிபாடு அப்படியே குவிஞ்சு கிடக்கு, பாதி ரோட்டுல. வார்டு ஆபீஸ்ல இருந்து நோட்டீஸ் எனக்குத்தான் வந்தது. நானே லாரி பேசி அள்ளினதுல 3 லட்சத்துக்கு மேல ஆச்சு. பில்லர் அடி எல்லாம் மண்ணுக்குள்ள விட்டுட்டுப் போயிருந்தான், புதுசா அஸ்திவாரம் தோண்டும்போது ஒவ்வொண்ணா பிரேக்கர் வச்சு எடுத்தோம். ஒன்றரை லட்சம் வாங்கினதை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது.

எழுதி வாங்கலையான்னு கேக்காதீங்க. "கட்டிடம் இடித்து எடுத்துக்கொள்ளப்படும்"னு எழுதிக் குடுத்திருந்தான். எடுத்துக்கொண்டான்.

டீக்கடை_பெஞ்ச்

மௌலிவாக்கத்துல வெடி வச்சு சில நொடியில தரைமட்டமாக்கினாங்களே, அந்த மாதிரி செய்ய முடியாதா? ஆள் கூலி, மெஷின் வாடகை எல்லாம் மிச்சம் ஆகுமே.

பீம்_பில்லர்

நான் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், சென்னை. வெடி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டிடம் ஒன்று இடிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நின்ற அதன் ஜோடிக் கட்டிடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்த்தார்கள். சுற்றி இருந்தவர்களை வெளியேற்றிவிட்டுச் செய்த வேலை அது. கடைவீதியில் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் மூன்று அடுக்குக்கு அது பேச்சே இல்லை. இன்னொன்று, வெடி கட்டிடத்தைக் கீழே கொண்டுவரும், அவ்வளவுதான். சம்மட்டி சொன்ன ஆயிரம் டன்னும் 60 லோடும் அப்படியே இருக்கும்.

ஜா கட்டர் (நீளக் கையின் நுனியில் தாடை மாதிரிக் கடித்து உடைக்கும் மெஷின்) பற்றியும் யாராவது கேட்பீர்கள். 2017 மே 31-ல் தி.நகரில் தீப்பிடித்த ஜவுளிக்கடைக் கட்டிடத்தை அந்த மெஷினால் இடித்ததை டிவியில் நாள் கணக்கில் பார்த்தோம். அந்த வேலையின்போது இடிபாடு விழுந்து ஒருவர் உயிர் போனது. உயரமான கை உள்ள மெஷின் நிற்கவும் திரும்பவும் கட்டிடத்துக்கு முன்னால் இடம் வேண்டும். மணிக்கூண்டுப் பக்கத் தெருவில் அது கிடையாது. மேலிருந்து கீழாக, ஆள் வைத்து, ஒரு மாடி முடித்து அடுத்த மாடி. ஐஎஸ் 4130 என்ற இந்திய நெறிமுறையும் இதைத்தான் சொல்கிறது. மேலே உடைத்ததை அந்தத் தளத்திலேயே குவித்து வைக்க விடாதீர்கள், பொரிந்த தளம் தாங்காது.

சம்மட்டியின் கணக்கில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. ஒரே இடத்தில் மட்டும் பயம், குடோன். "முட்டுக் குடுக்க 75,000" என்று ஒரு வரியில் போய்விட்டார். இந்த மொத்த வேலையிலும் உங்களைக் கோர்ட்டுக்கு இழுக்கக்கூடிய இடம் அதுதான்.

குடோன் சுவருக்கு வெளியே மண் நிற்கிறது. அந்த மண்ணின் மேல் பின்பக்கத்துக்காரரின் அஸ்திவாரம் நிற்கிறது. சுவர் உள்ளே சாயாமல் இருப்பதற்குக் காரணம், அதன் தலையை குடோனின் கூரைத்தளம் இந்தப் பக்கமிருந்து தள்ளிப் பிடித்திருப்பது. ஒரு பீரோவைக் கையால் அண்டக் கொடுத்திருப்பது மாதிரி. இடிக்க வந்தவர் தளத்தை உடைத்த நொடியில் கையை எடுத்தாகிவிட்டது. சுவர் கருங்கல்லா, கான்கிரீட்டா, அடியில் எவ்வளவு பிடிப்பு என்று பார்க்காமல் அந்தத் தளத்தைத் தொடவே கூடாது. முதலில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே முட்டு, பிறகு தளம். 20 டன் ஹிட்டாச்சி எக்காரணம் கொண்டும் குடோன் தளத்தின் மேல் ஏறக் கூடாது. ஏறினால் நேராக உள்ளேதான். அந்த ஆயிரம் சதுர அடியைச் சுற்றிப் பெயிண்ட்டில் கோடு போட்டு வையுங்கள்.

அடுத்தது, பக்கத்துக் கட்டிடங்கள். வேலை தொடங்கும் முன் உரிமையாளரையும் கூட நிறுத்தி ஒவ்வொரு விரிசலையும் போட்டோ எடுங்கள். பெரிய விரிசல்களின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை பிளாஸ்டர் வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதுங்கள். விரிசல் அசைந்தால் கண்ணாடி உடையும், அன்றே வேலையை நிறுத்திப் பார்க்கலாம். உடையாமல் இருந்தால், ஆறு மாதம் கழித்து "உங்களால்தான் எங்க சுவர் வெடித்தது" என்று வருபவருக்குப் பதில் உங்கள் கையில் இருக்கும். செலவு சில நூறு ரூபாய்.

கழிவு பற்றி ஏற்காடு_பனி சொன்னது சட்டப்படியும் அப்படித்தான். 2026 ஏப்ரல் 1-ல் புது விதிகள் வரும் வரை இருந்த 2016-ம் ஆண்டு கட்டிடக் கழிவு விதிகளின்படி, ஒரு நாளில் 20 டன்னுக்கு மேல், அல்லது ஒரு மாதத்தில் 300 டன்னுக்கு மேல் கழிவு உண்டாக்குபவர் கான்கிரீட், செங்கல், மண், இரும்பு, மரம் என்று பிரித்து வைத்து, முன்கூட்டியே உள்ளாட்சியிடம் திட்டம் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. இப்போதைய விதியை மாநகராட்சியில் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுடையது ஆயிரம் டன். சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இதற்கென்று ஆலை இருக்கிறது. ஈரோட்டில் எங்கே கொட்ட வேண்டும் என்பதை மாநகராட்சியில் எழுத்தில் வாங்குங்கள். லாரிக்காரர் ராத்திரியில் ஏதாவது ஏரிக்கரையில் கொட்டிவிட்டுப் போனால், அது உங்கள் காம்ப்ளக்ஸ் கழிவு.

சம்மட்டி

இன்ஜினியர் ஐயா சொன்னது சரிதானுங்க. குடோனை ஒரு வரியில ஓட்டினது என் தப்பு. நேர்ல பார்க்காம அதுக்கு விலையே சொல்லியிருக்கக் கூடாது.

ஆனா அந்தக் குழியிலயே ஒரு லாபமும் இருக்குதுங்க. ஆயிரம் சதுர அடி, 9 அடி ஆழம்னா 90 யூனிட் இடம். உடைச்ச இடிபாட்டை அதுலயே தள்ளி நிரப்பினா 22 லோடு மிச்சம், 88,000 ரூபாய். சுவரும் சாயாது. நிறையப் பேர் இப்படித்தான் பண்றோம்.

பீம்_பில்லர்

அந்த இடத்தில் பார்க்கிங் மட்டும் என்றால் சரி. புதுக் கட்டிடம் வருமென்றால் வேண்டாம். கண்டபடி தள்ளிய செங்கல் துண்டுக்குள் இடைவெளி இருக்கும், அதன் மேல் ஃபுட்டிங் (பில்லரின் அஸ்திவாரம்) வைக்க எந்த இன்ஜினியரும் கையெழுத்துப் போட மாட்டார். 88,000 மிச்சம் பிடித்து, பிறகு அதே 22 லோடைத் தோண்டி எடுத்து மறுபடியும் லாரி ஏற்றுவீர்கள். சுவர் நிற்பதற்குத் தற்காலிகமாக நிரப்ப வேண்டுமானால் மண் கொட்டுங்கள், தோண்ட எளிது.

சம்மட்டி

அதுவும் நியாயந்தானுங்க ஐயா. புதுசாக் கட்டறது அம்மிணி சொல்லவே இல்லையே.

மஞ்சள்மண்டி

ஆமா, சொல்ல விட்டுட்டேன். புதுசா நாலு மாடி கட்டறதாத்தான் பிளான், கீழே முழுசா பார்க்கிங் பேஸ்மெண்ட். அப்போ குழியை நிரப்பறதுல அர்த்தமே இல்லை.

இன்னைக்கு மூணு பேருக்கும் போன் பண்ணினேன். வரவு தனியா செலவு தனியா எழுதிக் குடுங்கன்னு கேட்டேன். ரெண்டாவது ஆள் சாயங்காலமே ஒரு நோட்டுத் தாள்ல எழுதி வாட்ஸ்அப்ல அனுப்பிட்டார். கம்பி 22 டன்னு போட்டிருக்கார், லோடு 65. சம்மட்டி அண்ணன் கணக்கோட இவ்வளவு ஒத்துப்போகும்னு நினைக்கலை. கம்பெனிக்காரங்க ஈமெயில்ல அனுப்பறோம்னாங்க, இன்னும் வரலை. முதல் ஆள்கிட்ட குடோனுக்கு முட்டு யார் குடுக்கறதுன்னு மட்டும் கேட்டேன். "குடோனா? அது நம்ம பேச்சுல இல்லீங்களே"ன்னார். ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன், அப்பா கேட்டுட்டே இருந்தார். எதுவும் பேசாம எழுந்து உள்ளே போயிட்டார்.

ரெண்டாவது ஆளுக்குக் குடுக்கறதுன்னா அக்ரிமெண்ட்ல என்ன எழுதணும்? ஏற்காடு_பனி மாதிரி மாட்டிக்கக் கூடாது.

சம்மட்டி

எழுதறது லேசுங்க. "இடித்து எடுத்துக்கொள்ளப்படும்"னு மட்டும் எழுதாதீங்க, சேலத்துக்காரர் கதை பார்த்தீங்கல்ல. எது வரைக்கும் இடிக்கோணும், எது மனையில மிஞ்சக்கூடாதுன்னு எழுதுங்க. பில்லர் அடி, பிளிந்த் பீம் (தரைமட்டத்துல ஓடற பீம்), செப்டிக் டேங்க், தண்ணித் தொட்டி எல்லாம் பேர் சொல்லி எழுதுங்க. பேர் எழுதாதது மண்ணுக்குள்ளயே இருக்கும்.

காசை விடக் கம்பியைப் பிடிங்க. எங்களை மாதிரி ஆளுகளுக்குக் கம்பிதான் உசுரு. 24 டன்னுங்கறது மூணு லோடு. இடிபாடு 60 லோடு. 20 லோடு இடிபாடு போனாத்தான் ஒரு லோடு கம்பி வெளியே போகோணும்னு எழுதிப்போடுங்க. வாட்ச்மேன் நீங்க வெச்ச ஆளா இருக்கட்டும், கேட்டுல ஒரு நோட்டு. கம்பி லாரிக்கு எடை மேடைச் சீட்டு ஒரு காப்பி உங்களுக்கு. இதுக்கு ஒத்துக்கறவர் கடைசி வரைக்கும் இருப்பார். ஒத்துக்காதவரு யாருன்னு நான் சொல்லத் தேவையில்லை. நீங்க தர வேண்டிய 4 லட்சத்துல ஒண்ணு ஆரம்பத்துல, ஒண்ணு மேல் ரெண்டு மாடி இறங்கினதும், ரெண்டு மனையைச் சுத்தமாக் கையில வாங்கின பின்னாடி.

அப்புறம் ஈபி சர்வீஸ் எல்லாத்தையும் துண்டிச்சு எழுத்து வாங்கிடுங்க, பன்னெண்டு கடைன்னா பன்னெண்டு மீட்டரு. ஒண்ணு விட்டுப்போனா அது எங்க ஆளோட உசுருங்க. மாநகராட்சியில இடிக்க அனுமதி வேணும், முடிஞ்சப்புறம் சொத்து வரியைக் காலிமனை வரிக்கு மாத்தோணும்.

ரசீது_புக்

ஒரு சின்ன விஷயம், வரி பக்கம். 2024 அக்டோபர் 10-ல இருந்து, ஜிஎஸ்டி பதிவு இல்லாதவங்ககிட்ட உலோக ஸ்கிராப் வாங்குற பதிவுள்ள வியாபாரி, ஆர்சிஎம் முறையில (விக்கிறவருக்குப் பதிலா வாங்குறவரே வரி கட்டுறது) 18% வரியைத் தானே கட்டணும். உங்களுக்குப் பதிவு இல்லைன்னா, இதைக் காரணம் காட்டிக் கம்பி விலையைக் குறைக்கப் பார்ப்பாங்க. கட்டின வரியை அவங்க பொதுவா இன்புட்டா, அதாவது அவங்க கட்ட வேண்டிய மத்த ஜிஎஸ்டியில கழிச்சு, எடுத்துக்கலாம். அதனால முழு 18-ஐயும் உங்க தலையில கட்ட விடாதீங்க. கடை வாடகைக்காக நீங்க ஜிஎஸ்டி பதிவு வச்சிருந்தா கணக்கு வேற, உங்க ஆடிட்டர்கிட்டக் காட்டிடுங்க.

மஞ்சள்மண்டி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. 20-க்கு ஒண்ணுங்கிற கண்டிஷனை ரெண்டாவது ஆள்கிட்டச் சொன்னேன். சிரிச்சுட்டு, "இதை உங்களுக்கு யாரோ எங்க தொழில்காரனே சொல்லிக் குடுத்திருக்கான்"னார். 15-க்கு ஒண்ணு போட்டுக்கலாம்னார், கம்பியைக் குமிச்சு வைக்க இடம் இல்லையாம். சரின்னுட்டேன். அடுத்த வாரமே ஆரம்பிக்கட்டுமான்னு கேக்கறார்.

சம்மட்டி

15-க்கு ஒண்ணு பரவால்லீங்க. ஆனா அடுத்த வாரம் வேண்டாம் அம்மிணி. இப்ப கார்த்திகை. மழை பேஞ்சு குடோன்ல தண்ணி நின்னா சுவருக்குப் பின்னாடி மண்ணு ஊறிக் கிடக்கும், முட்டு நிக்கறதுக்கே சிரமம். பொங்கல் ஜவுளி வியாபாரம் முடியட்டும், தெருவும் காலியாகும், லாரி திரும்பறதுக்கு இடம் கிடைக்கும். தை பாதியில ஆரம்பிங்க. அதுக்குள்ள பின்பக்கத்துக்காரரைப் போய்ப் பார்த்து, ஒரு டீ வாங்கிக் குடுத்து, அந்தக் கண்ணாடித் துண்டை ஒட்டிட்டு வந்துருங்க.